மூணாவது பட்டை

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

பத்தாவது படிக்கும்போது ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு எல்.ஈ.டி. வெச்சு மாத்தி மாத்தி மின்னுற ஒரு சர்க்யூட் செஞ்சேன். செஞ்சு முடிச்சேனே தவிர, அது மின்னல. ஒரு விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல அப்படியே எரியும். அப்புறம் அடுத்தது தூக்கக் கலக்கத்துல இருக்கற மாதிரி மங்கலா எரிஞ்சு அணையும். டிரான்சிஸ்டரை மாத்தினேன். பேட்டரியை நாக்குல வெச்சுப் பார்த்தேன், சுள்ளுன்னு இருந்தது. ஈயம் வெச்ச இடத்தையெல்லாம் திரும்பச் சூடு காட்டினேன். மூணு நாள் போச்சு. கடைசியில ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் போர்டை வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த ரெசிஸ்டர்ல மூணாவது பட்டை ஆரஞ்சா, பச்சையா?"

பச்சை!

பழுப்புன்னா 1, கறுப்புன்னா 0. மூணாவது பட்டை எத்தனை சைபர் போடணும்னு சொல்லும். ஆரஞ்சுக்கு மூணு சைபர், அதாவது 10 ஆயிரம் ஓம். பச்சைக்கு அஞ்சு, அதாவது 10 லட்சம் ஓம். 100 மடங்கு வித்தியாசம். இந்த ரெசிஸ்டர் வழியாத்தான் கெப்பாசிட்டர் நிறையணும். குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டா குடம் எப்ப நிறையறது? என் வீட்டு மஞ்ச பல்பு வெளிச்சத்துல நிறம் மாறித் தெரிஞ்சிருக்கு. பிடுங்கிப் போட்டுட்டு வேற மாட்டினேன். கதை முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, இதே ரெண்டு ரெசிஸ்டரை மாத்தி மாட்டின இன்னொருத்தர் இருக்கார்னு. பேரு வில்சன் கிரேட்பாட்ச். 1956, அமெரிக்காவோட பஃபலோ பல்கலைக்கழகம். இதய ஒலியைப் பதிவு செய்யறதுக்காக ஒரு ஆசிலேட்டர் செஞ்சுகிட்டிருந்தார். 10 ஆயிரம் ஓம் எடுக்க வேண்டிய டப்பாவிலிருந்து 10 லட்சம் ஓமை எடுத்து மாட்டிட்டார். சர்க்யூட் ஒரு துடிப்பு துடிச்சது, ஏறக்குறைய ஒரு நொடி சும்மா இருந்தது, திரும்பவும் துடிச்சது.

நானா இருந்தா பிடுங்கியிருப்பேன். அவர் பிடுங்கல. ஏன்னா 1951லயே, கார்னெல்ல இருந்தப்ப, ரெண்டு சர்ஜன்கள் அவர்கிட்ட 'ஹார்ட் பிளாக்' பத்திச் சொல்லியிருந்தாங்க. இதயத்தோட மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போற மின்சமிக்ஞை வழியிலயே தடைபட்டுப் போறது. அந்தக் கேள்வி அஞ்சு வருஷமா மனசுல கிடந்ததாலதான், பழுதான சர்க்யூட்டைப் பார்த்ததும் அவருக்கு இதயம் ஞாபகம் வந்தது. அதிர்ஷ்டம்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு மனசு வரல.

அதுக்கப்புறம்தான் நிஜமான ரிப்பேர் வேலை. 1958 மே மாசம், டாக்டர் வில்லியம் சார்டாக்கோட சேர்ந்து ஒரு நாயோட இதயத்துல இணைச்சாங்க. வேலை செஞ்சது. ஆனா இன்சுலேஷன் டேப் சுத்தி மூடியிருந்ததால உடம்போட ஈரம் உள்ளே புகுந்து நாலு மணி நேரத்துல நின்னு போச்சு. அப்புறம் எபாக்சியில வார்த்தாங்க. வேலையை விட்டுட்டு, 2000 டாலர் சேமிப்போட, வீட்டுக்குப் பின்னாடி இருந்த கொட்டகையில கையாலயே 50 கருவி செஞ்சார். படுக்கையறையில ரெண்டு அடுப்பு. அதுல சூடாகற டிரான்சிஸ்டர்களை அவர் மனைவி எலினார் பென்சிலால தட்டித் தட்டிப் பார்ப்பாங்களாம். தட்டும்போது அளவு ஆடினா அது கழிசல்.

1960ல 10 பேர் உடம்புல அந்தக் கருவி போச்சு. ஆனா உலகத்துல முதல்னு சொன்னா தப்பு. 1958 அக்டோபர்லயே ஸ்வீடன்ல ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வெச்சு வார்த்த கருவியை, ஆக்கே செனிங்ங்கற சர்ஜன் ஆர்னே லார்சனுக்குப் பொருத்திட்டார். அது சில மணி நேரத்துல நின்னு போச்சு. ஆனா லார்சன் நிக்கல! அடுத்தடுத்து மாத்திக்கிட்டே, செஞ்சவரையும் பொருத்தினவரையும் தாண்டி 2001 வரைக்கும் இருந்தார்.

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சது ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல. உள்ளே அப்பா. நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 34. மறுநாள் காலையில பேஸ்மேக்கர் வைக்கறாங்க. ராத்திரி கட்டில்ல உக்காந்துகிட்டு அப்பா கேட்டார்: "ஏண்டா, நீ பண்ணியே ஒரு லைட்டு, அந்த மாதிரி பாதியில நின்னுடாதே?"

சிரிக்க முடியல. "அதுல தப்பு ரெசிஸ்டர்ப்பா, இதுல சரியானது"ன்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். ஒரு வகையில ரெண்டுமே ஒரே தப்புல இருந்து வந்ததுதான்னு அப்ப சொல்லத் தோணல.

அப்பா இப்ப நல்லா இருக்கார். போன வாரம் செக்கப்புல பேட்டரி இன்னும் ஆறு வருஷத்துக்கு வரும்னாங்க. வீட்டுக்கு வந்து பழைய டப்பாவைக் குடைஞ்சேன். அந்தப் பச்சைப் பட்டை ரெசிஸ்டர் கிடைக்கல. அன்னிக்கே எங்கயோ வீசிட்டேன் போல.

உங்களுக்கும் இப்படித் தப்பா மாட்டி வேற ஏதாவது கிடைச்ச கதை இருந்தா சொல்லுங்க மக்கா.