ஓப்பன்-தமிழ் (பைத்தான் பொதி)

ஓப்பன்-தமிழ், தமிழ் உரையைக் கையாளப் பைத்தானில் எழுதப்பட்ட கட்டற்ற நிரலகம். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர் பலரும் 2010களில் இதை வளர்த்தெடுத்தனர். எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது.

தேவை

கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவல், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். அந்த ஊர்ப்பெயரின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 8 என்று விடை வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட இ, டை, செ, வ, ல் என்று ஐந்துதான் எண்ணும். ஒருங்குறியில் ஐகார, எகரக் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதால் வரும் வினை இது. பெயரைத் தலைகீழாக்கச் சொன்னால் இன்னும் மோசம்: புள்ளி முன்னால் அநாதையாக நிற்க, பின்னால் ‘லவெசைடஇ’ வரும்.

அகராதி வேலையிலும் இதே தொல்லைதான். கி.ரா.வின் கரிசல் வழக்குச் சொல்லகராதி போன்ற ஒன்றைக் கணினியில் ஏற்றி, குறியீட்டு எண்படி அடுக்கினால் கறி, கலப்பை, கழனி, கவணை என்று வரும். தமிழ் அகரவரிசையோ கலப்பை, கவணை, கழனி, கறி. இதைச் சரிசெய்யவும் முதலில் எழுத்தைப் பிரித்தாக வேண்டும். ஆளுக்கொரு விதமாக அதை எழுதி, ஆளுக்கொரு பிழையைச் சுமப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிச் சோதித்து வைப்பது மேல்.

அமைப்பு

பைத்தானில் ஒரு கோப்பு ஒரு மாட்யூல். மாட்யூல்களை அடக்கிய அடைவு ஒரு பொதி. அடைவுக்குள் இருக்கும் ‘இனிட்’ கோப்பு பொதியை ஏற்றும்போது முதலில் ஓடும். 2012இல் வெளியான பைத்தான் 3.3 பதிப்பு முதல் அது இல்லாமலும் ஏற்றலாம். ஆனாலும் வைப்பதே நல்லது. ஓப்பன்-தமிழில் ‘தமிழ்’ என்ற பொதிக்குள் இருக்கும் யூடிஎஃப்-8 மாட்யூல்தான் எழுத்தைப் பிரிக்கிறது. ஒலிபெயர்ப்பு, சொல்திருத்தி, என்-கிராம் ஆகியவை தனித்தனிப் பொதிகள்.

பெயர்ச் சிக்கல்

பிப் கொண்டு நிறுவும்போது கொடுக்கும் பெயர் ஓப்பன்-தமிழ். நிரலில் இம்போர்ட் செய்யும் பெயர் வெறும் ‘தமிழ்’. பைத்தான் பெயர்களில் இணைப்புக்கோடு செல்லாது என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

என்-கிராம் போன்ற பொதுப்பெயரை மேல்மட்டத்தில் வைத்தது நல்ல முடிவாகத் தோன்றவில்லை. பைபிஐ களஞ்சியத்தில் அதே பெயரில் வேறொருவரின் பொதியும் உண்டு. இரண்டையும் ஒரே சூழலில் நிறுவினால் ஒன்று மற்றதை மறைத்துவிடலாம். எல்லாவற்றையும் ‘தமிழ்’ பொதிக்குள் உட்பொதிகளாக அடக்கியிருந்தால் இது நேராது. இப்போதைக்கு ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் வைத்துக்கொள்வதே வழி.