வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை 2023: நடைமுறைப்படுத்தப்படுவது எப்படி?

இந்தியாவின் ஏற்றுமதி, இறக்குமதியை நெறிப்படுத்தும் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையை மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் 2023 மார்ச் 31-ஆம் தேதி வெளியிட்டார். மறுநாளே அது அமலுக்கு வந்தது. சரக்கு, சேவை ஏற்றுமதியை 2030-ஆம் ஆண்டுக்குள் 2 லட்சம் கோடி டாலராக உயர்த்துவது அரசின் இலக்கு.

சட்ட அடிப்படை

வெளிநாட்டு வர்த்தக (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம், 1992-இன் கீழ் இக்கொள்கை அறிவிக்கப்படுகிறது. முந்தைய 2015-20 கொள்கை பலமுறை நீட்டிக்கப்பட்டது. புதிய கொள்கைக்கு முடிவுத் தேதி இல்லை. தேவைக்கேற்ப அறிவிக்கைகள் மூலம் திருத்தப்படும்.

ஊக்கத்தொகைக்கு மாற்று

இந்தியாவின் ஏற்றுமதி ஊக்கத் திட்டங்கள் பல விதிகளுக்கு முரணானவை என உலக வர்த்தக அமைப்பின் தீர்வுக் குழு, அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. எனினும், சரக்கு ஏற்றுமதிக்கான ஊக்கத்தொகைத் திட்டம் கைவிடப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் வரி திருப்பியளிப்புத் திட்டம் அமலானது. எரிபொருள் மீதான மாநில வரி, மின்சாரத் தீர்வை என வேறு வழியில் திரும்பக் கிடைக்காத வரிகள் இதன்மூலம் ஈடுசெய்யப்படுகின்றன.

பொறுப்பு யாருக்கு?

வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கொள்கையைச் செயல்படுத்துகிறது. ஏற்றுமதியாளர் இதனிடம் 10 இலக்கக் குறியீட்டு எண் பெற வேண்டும். துறைமுகங்கள், விமான நிலையங்களில் சரக்குகளைச் சோதித்து அனுமதிப்பது சுங்கத் துறையின் பணி. ஏற்றுமதிக்கான இயந்திரங்களைச் சுங்க வரியின்றி இறக்குமதி செய்வோர், சேமித்த வரியைப்போல் 6 மடங்கு மதிப்புக்கு 6 ஆண்டுகளில் ஏற்றுமதி செய்வது பொது விதி. தவறினால் வரியை வட்டியுடன் செலுத்த நேரிடும்.

மாவட்டங்களின் பங்கு

ஒவ்வொரு மாவட்டத்தையும் ஏற்றுமதி மையமாக்கும் திட்டமும் கொள்கையில் இடம்பெற்றுள்ளது. திருப்பூர் உள்ளிட்ட 39 ஏற்றுமதிச் சிறப்பு நகரங்களுடன் ஃபரீதாபாத், மிர்சாபூர், மொராதாபாத், வாரணாசி ஆகியவை சேர்க்கப்பட்டன.

விவசாயிகளுக்கு என்ன?

உள்நாட்டு விலை உயர்வைத் தடுக்க, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு 2023 ஜூலை 20-ஆம் தேதி விதிக்கப்பட்ட தடை, 2024 செப்டம்பரில்தான் நீக்கப்பட்டது. இத்தகைய தடைகள் நுகர்வோருக்கு நிவாரணம் அளிக்கும் அதேவேளையில், வெளிநாட்டுச் சந்தை விலையின் பலன் விவசாயிகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன. ஒப்பந்தம் செய்துகொண்ட ஏற்றுமதியாளர்களும் பாதிக்கப்படுகின்றனர். கொள்கையை உடனுக்குடன் மாற்றும் வசதி அரசுக்கு உதவினாலும், முன்கூட்டியே திட்டமிட வேண்டிய சிறு ஏற்றுமதியாளர்களுக்கு அறிவிக்கைகளைத் தொடர்ந்து கண்காணிப்பது தவிர்க்க இயலாததாகிறது.