மெட்ராஸ் போய்ச் சேராத பீங்கான்

கடலடியில் கிடைக்கும் பழம்பொருளை விற்கலாமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. முன்னால் பேசிய நண்பர் தங்கம், வெள்ளி என்றார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

வெள்ளையில் நீலப்பூப் போட்ட கிண்ணத்தைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் பார்க்காதவர் யார்? நாம் பீங்கான் என்கிறோம். மலாயில் தட்டுக்கே பெயர் 'பிங்கான்'. அந்த நீலம் கோபால்ட் தாதுப்பொடி. 14ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஜிங்டெசென் நகரில் இந்தக் கலை ஓங்கியபோது, நல்ல கோபால்ட் பாரசீகத்திலிருந்து வந்தது. சுடாத பாண்டத்தின் மேல் தூரிகையால் வரைவார்கள். காய்ந்த மண் மையை உடனே உறிஞ்சிவிடும். கோடு பிசகினால் பிசகியதுதான். அதன் மேல் மெருகுக் கரைசலைப் பூசி, ஏறக்குறைய 1,300 டிகிரியில் சுடுவார்கள். மெருகு உருகிக் கண்ணாடியாகும்; நீலம் அதற்கடியில் அகப்பட்டுக்கொள்ளும். மெருகின் மேல் தீட்டிய பொன்னும் சிவப்பும் நாளடைவில் தேயும். அடியில் இருக்கும் நீலம் தேயாது.

இதற்குச் சாட்சி நம் மலாக்கா நீரிணையிலேயே கிடைத்தது. சீனாவிலிருந்து மெட்ராசுக்குப் புறப்பட்ட 'டயானா' கப்பல் 1817 மார்ச்சில் மலாக்காவுக்கு அருகே மூழ்கியது. மலேசிய அரசோடு 1991இல் ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் ஒன்று அதைக் கண்டுபிடித்து, சுமார் 24,000 பீங்கான்களை மேலே கொண்டுவந்தது. 170 ஆண்டுகளுக்கு மேல் உப்புநீரில் கிடந்தும், நீலக்கோடுகள் பளிச்சென்று இருந்தன.

பிறகு? 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம். கிடைத்தது ஏறக்குறைய 30 லட்சம் அமெரிக்க டாலர். பங்கு போதவில்லை, சில பொருள்களை அரசு ஏலத்துக்கு விடவில்லை என்று நிறுவனம் வழக்குப் போட்டது. இதில் நாட்டுக்குக் கிடைத்தது பெரிதும் பண்பாட்டு, வரலாற்றுப் பயன்தான், ஆகவே இது முதலீடே அல்ல என்று 2007இல் அனைத்துலக நடுவர் கைவிரித்தார். 2009இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. நீரடிப் பழம்பொருளுக்கும் பாதுகாப்புத் தரும் தேசிய மரபுடைமைச் சட்டமோ 2005இல்தான் வந்தது.

நண்பர்களே, அந்தத் தட்டுகள் மெட்ராஸ் வீடுகளில் சோறு பரிமாறப் போனவை. ஒரே மாதிரித் தட்டு ஆயிரம் இருக்கிறதே, விற்றால் என்ன என்பார்கள். ஆயிரமும் ஒன்றாக இருந்தால்தான் அது கப்பல் சரக்கு. எந்த ஊருக்கு எந்தப் பாத்திரம் எத்தனை போனது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. பிரித்து விற்றபின் ஒவ்வொன்றும் வெறும் அலமாரிப் பொருள். செலவுக்குப் பணம் வேண்டும் என்றால் கொஞ்சம் விற்கட்டும். ஆனால் வகைக்கு ஒரு முழுத் தொகுதியை, பிரிக்பீல்ட்சுக்கு அருகிலேயே இருக்கும் தேசிய அரும்பொருளகத்தில் முதலில் வைத்துவிட்டு விற்கட்டும் என்பதே என் கட்சி.