புதிய அடுக்குமாடிகளில் குப்பைத் தொட்டிக்கு எங்கே இடம்? விதிகள் கூறுவது என்ன?

புதுடெல்லி: புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரங்களில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பூங்கா ஆகியவை தவறாமல் இடம்பெறும். குப்பை சேகரிக்கும் இடம் எங்கே என்பது பெரும்பாலும் இடம்பெறாது. ஆனால், மக்கள் குடியேறும் முதல் நாளிலேயே தேவைப்படுவது அந்த இடம்தான். அது கட்டட வரைபடத்தில் ஒதுக்கப்படாவிட்டால், தொட்டிகள் வாகன நிறுத்துமிடத்தின் மூலைக்கோ, வாயிலுக்கு வெளியே சாலையோரத்துக்கோ சென்றுவிடுகின்றன. துர்நாற்றம், கொசு, தெருநாய்த் தொல்லை என அதன் விளைவுகளைத் தரைத்தளவாசிகளும் தூய்மைப் பணியாளர்களும் அனுபவிக்கின்றனர்.

இந்த நிலையைத் தவிர்க்க, நாட்டில் கடந்த கால் நூற்றாண்டாகவே விதிகள் உள்ளன. அவை குறித்துப் பார்ப்போம்.

மறைத்தால் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் பல நகரங்களில், புதிய கட்டடத்துக்கு அனுமதி பெறும்போதே குப்பைத் தொட்டியை மறைக்கும் ஏற்பாட்டையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். மூன்று பக்கமும் சுவர், முன்புறம் உள்ளே தெரியாத கதவு, அடியில் கான்கிரீட் தளம், சாலையைப் பார்க்காத பின்புற இடம் என்பன அங்கு வழக்கமான நிபந்தனைகள். பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும், அண்டை வீட்டாருக்குத் தொல்லை கூடாது என்பதே அவற்றின் முதன்மை நோக்கம்.

இந்திய விதிகளும் இதைக் கருத்தில் கொண்டன. எனினும், தொட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்புவதைவிட, குப்பையைத் தரம் பிரிப்பதற்கும் அங்கேயே உரமாக்குவதற்கும் இடம் ஒதுக்குவதையே அவை அதிகம் வலியுறுத்துகின்றன.

2000-ஆம் ஆண்டு விதிகள்

நகரங்களின் குப்பைப் பிரச்னை தொடர்பாக அல்மித்ரா படேல் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். அதன் தொடர்ச்சியாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000-இல் அறிவிக்கப்பட்டன. குப்பை சேமிக்கும் இடங்கள் திறந்தவெளியில் தெரியாதவாறு வடிவமைக்கப்பட வேண்டும். பார்வைக்கு ஏற்றதாகவும், பயன்படுத்த எளிதாகவும் இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் கூறின. மக்கும் குப்பைக்குப் பச்சை, மறுசுழற்சிப் பொருள்களுக்கு வெள்ளை, மற்றவற்றுக்குக் கறுப்பு எனத் தொட்டிகளின் நிறமும் வரையறுக்கப்பட்டது.

கையால் குப்பையைக் கையாள்வதற்கும் அந்த விதிகளிலேயே தடை விதிக்கப்பட்டது. தவிர்க்க இயலாத சூழலில், பணியாளரின் பாதுகாப்புக்கு உரிய முன்னெச்சரிக்கையுடன் மட்டுமே அதைச் செய்யலாம் என்று கூறப்பட்டது.

வரைபடத்திலேயே இடம்

2000-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக, திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016 ஏப்ரல் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்டன. புதிய கட்டடங்களைப் பொருத்தவரை முக்கியத் திருப்பம் இதில்தான் ஏற்பட்டது. 200 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகள் அல்லது 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பரப்பு கொண்ட வளாகங்களின் திட்டத்திலேயே, குப்பையைத் தரம் பிரிக்கவும் சேமிக்கவும் பதப்படுத்தவும் தனி இடம் குறிக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும் என நகரமைப்புத் துறைகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது.

நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் வளாகங்கள் 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' என வகைப்படுத்தப்பட்டன.

எவ்வளவு குப்பை சேரும்?

20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்கள், 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி பெற வேண்டும். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 0.3 கிலோ கொள்ளளவில் உரமாக்கும் வசதி வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தரைத்தளத்திலும் ஈரக் குப்பைக்கும் உலர் குப்பைக்கும் தனித்தனித் தொட்டிகள் வேண்டும் என்பவை இத்தகைய அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள்.

இந்த அளவை வைத்துக் கணக்கிட்டால், வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 200 வீடுகளில் 800 பேர் வசிப்பர். அங்கு நாள்தோறும் 240 கிலோ மக்கும் குப்பையைக் கையாளும் வசதி தேவை. சுமார் 84 வீடுகள் இருந்தாலே இந்த அளவு 100 கிலோவைத் தாண்டிவிடும். வாயிலருகே வைக்கப்படும் இரண்டு தொட்டிகளில் இதை அடக்கிவிட முடியாது.

2026: நான்கு வகைப் பிரிப்பு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடந்த ஜனவரியில் அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, ஏப்ரல் 1-ஆம் தேதியை நடைமுறைத் தேதியாகக் கொண்டவை. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பெயிண்ட் டப்பா, மின்விளக்கு, மருந்து போன்ற சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும் என்கின்றன இவ்விதிகள். அதாவது, முன்பு இரண்டு தொட்டிகள் வைத்த இடத்தில் இனி நான்கு தேவைப்படும்.

20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் நீர்ப் பயன்பாடு, 100 கிலோ குப்பை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் வளாகங்கள் பெருமளவு கழிவு உருவாக்குவோர் ஆவர். இவர்கள் ஈரக் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பதப்படுத்த வேண்டும்; இயலாதோர் அதற்கு ஈடாக உரிய சான்றிதழைப் பெற வேண்டும்.

நகரங்கள் கண்ட வழி

பெங்களூருவில் இரு தொட்டி, ஒரு பை முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் கட்டாயமாக்கியது. ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவு உள்ளிட்டவற்றுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்குப் பை என்பது அந்த முறை. மும்பையில் பெரிய குடியிருப்புகள் ஈரக் குப்பையைத் தாங்களே பதப்படுத்த வேண்டும் என மாநகராட்சி 2017-இல் உத்தரவிட்டது. தூய்மை நகரங்களின் பட்டியலில் தொடர்ந்து முதலிடம் பெற்ற இந்தூர், தெருவோரப் பொதுத் தொட்டிகளையே அகற்றிவிட்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கிறது.

மூன்று நகரங்களும் தொட்டியை மறைப்பதில் இருந்து தொடங்கவில்லை. வீட்டிலேயே தரம் பிரிப்பதில் இருந்து தொடங்கின. பிரிக்காத குப்பையைச் சுவருக்குப் பின்னால் வைத்தால், குடியிருப்போரின் கண்ணில் படாது என்பது உண்மை. ஆனால், உணவுக் கழிவுக்கு நடுவே கிடக்கும் கண்ணாடித் துண்டையும் ஊசியையும் பிரித்தெடுக்கும் வேலை, காற்றோட்டமற்ற அந்த அறைக்குள் தூய்மைப் பணியாளரின் கைகளில் வந்து சேரும்.

வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கட்டுமானம் முடிந்த பிறகு குப்பைக்கு இடம் தேடுவது கடினம். வரைபடத்தில் குப்பைக்கென ஒதுக்கப்பட்ட இடம் பின்னர் வாகன நிறுத்தமாக மாறிவிட்டால், அதை மீட்பதும் எளிதல்ல. இந்த விஷயத்தில், ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குவோருக்குத் துணை நிற்கிறது. குடியிருப்பின் பராமரிப்புக்குத் தேவையான, பொதுப் பயன்பாட்டில் உள்ள பகுதிகள் அச்சட்டப்படி பொதுப் பகுதிகளாகும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ள பொதுப் பகுதியை மாற்ற வேண்டுமானால், ஒதுக்கீடு பெற்றோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துபூர்வ ஒப்புதல் தேவை.

எனவே, முன்பணம் செலுத்தும் முன் பின்வருவனவற்றைச் சரிபார்ப்பது நல்லது:

* ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டு, குப்பை சேகரிப்புக்கும் உரம் தயாரிப்புக்கும் இடம் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்கவும்.

* அந்த இடம் எந்த வீட்டின் சன்னலுக்கு அருகே வருகிறது, குடிநீர்த் தொட்டியிலிருந்து எவ்வளவு விலகி உள்ளது என்பதைக் கவனிக்கவும்.

* குப்பை வாகனம் உள்ளே வந்து திரும்ப வழி உள்ளதா எனக் கேட்கவும்.

* கூரை, காற்றோட்டம், மின்விளக்கு, தண்ணீர்க் குழாய், குப்பையிலிருந்து வடியும் நீர் வெளியேற வடிகால் ஆகியவை உண்டா என உறுதிசெய்யவும்.

* சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டமானால், அதன் நகலில் உள்ள கழிவு மேலாண்மை நிபந்தனைகளைப் படிக்கவும்.

ஏற்கெனவே குடியேறியோரும் தங்கள் நலச்சங்கத்தின் வாயிலாக வரைபடத்தைப் பெற்று, நடைமுறையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டுமான நிறைவுச் சான்றிதழ் பெற்ற 30 நாள்களுக்குள், பொதுப் பகுதிகள் உள்ளிட்டவற்றின் ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் கட்டுமான நிறுவனம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ரெரா சட்டம்.