கொல்லையில் கதண்டுக் கூடு – பிளேய்ன் ஊர்க் கதை



கொல்லையிலே தென்னையிலோ பனையிலோ கதண்டு கூடு கட்டிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பந்தம் கொளுத்தலாம், மருந்து அடிக்கலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வோம். கொட்டு வாங்கினவர்கள் ஊருக்கு ஊர் இருக்காங்க. உயிரை விட்டவர்களும் உண்டு. இதே கதண்டு இனத்தில் ஒரு பெரிய ஜாதி, அமெரிக்காவிலே வாஷிங்டன் மாநிலத்து அதிகாரிகளை 5 வருஷம் அலைய வைத்தது. அந்த வரலாற்றைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ராட்சதக் கதண்டு என்று சொல்லலாம். ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துப் பூச்சி. ராணி 2 அங்குல நீளம்கூட வளரும். கொடுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர். கோடைக்காலம் முடிகிற சமயத்தில் இவை கூட்டமாகத் தேனீப் பெட்டிக்குள் புகுந்து, சில மணி நேரத்துக்குள் தேனீக்களின் தலையைக் கடித்துத் துண்டாக்கிவிட்டுப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஜப்பான் தேனீ இதற்கு ஒரு வழி வைத்திருக்கு. நூற்றுக்கணக்கில் சேர்ந்து கதண்டைப் பந்து மாதிரி மூடிக்கொண்டு, உடம்புச் சூட்டிலேயே அதை வேகவைத்துக் கொன்றுவிடும். நம்ம ஊர்ப் பெட்டித் தேனீயும் இந்த வித்தை தெரிந்ததுதான். ஆனால் அமெரிக்காவில் வளர்க்கிற ஐரோப்பியத் தேனீக்கு இது தெரியாது. வாஷிங்டனோ ஆப்பிள் விளைகிற மாநிலம். தேனீ போனால் காய்ப்பு ஏது?

2019 செப்டம்பரில் கனடா நாட்டு நானைமோவில் தரைக்குள் ஒரு கூடு அகப்பட்டது. ராத்திரியில் போய் அழித்தார்கள். போனவர் கனமான உடுப்புப் போட்டிருந்தும் அதைத் துளைத்துக்கொண்டு கொட்டியது. அதே வருஷம் டிசம்பரில் எல்லைக்கு இந்தப் பக்கம் பிளேய்ன் ஊரருகே ஒருவர் செத்த கதண்டு ஒன்றைக் கண்டு தகவல் கொடுத்தார். அங்கேதான் வேட்டை ஆரம்பம்.

கூடு எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. உயிரோடு பிடித்த கதண்டின் உடம்பில் சின்ன ரேடியோக் கருவியைப் பசை போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். பசை இறகிலே ஒட்டிக்கொண்டது. கடைசியில் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற நூலால் இடுப்பில் கட்டிவிட்டார்கள்! பூச்சி பறக்க, ஆட்கள் பின்னாலேயே ஓட, 2020 அக்டோபர் 22-ஆம் தேதி ஒருவருடைய நிலத்து மரப்பொந்தில் கூடு தெரிந்தது. நிலத்துக்காரர் மரத்தை வெட்டவும் சம்மதித்துவிட்டார்.

24-ஆம் தேதி விடியற்காலைக் குளிரிலே வேலை. தடித்த அங்கி, கண்ணுக்குக் கண்ணாடி. மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் சுற்றி, ஒரே ஒரு வாயை மட்டும் விட்டு, தூசி உறிஞ்சுகிற எந்திரத்தின் குழாயை வைத்து உள்ளே இருந்தவற்றை இழுத்தார்கள். பிறகு கரியமில வாயுவைப் பொந்துக்குள் செலுத்தினார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் சாக்கைப் போர்த்திக்கொண்டு கூட்டுக்கிட்டே போயிடாதீங்க. நமக்குத் தீயணைப்பு நிலையம் இருக்கு. சொன்னால் வந்து எடுப்பார்கள்.

பிளந்து பார்த்தபோது கூடு 14 அங்குல நீளம், 6 அடுக்கு, 776 அறைகள். பொரிந்ததும் பொரியாததுமாகப் புது ராணிகளே 200 அளவுக்கு இருந்தன. குளிர்காலத்தில் பழைய கூடு செத்துவிடும். புது ராணி மட்டும் மண்ணுக்குள் பதுங்கிக் கிடந்து, வசந்தத்தில் தனியாகக் கூட்டை ஆரம்பிக்கும். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் அத்தனையும் பறந்துபோயிருக்கும்.

அப்படியும் 2021-இல் அதே வட்டாரத்தில் மூன்று கூடுகள். அதில் ஒன்றில் புழு முதல் பூச்சி வரை ஏறக்குறைய 1500. அதன் பிறகு மூன்று வருஷம் தேடினார்கள். பொதுஜனங்களும் ஆரஞ்சுச் சாறும் அரிசி மதுவும் கலந்து பாட்டிலில் ஊற்றி வீட்டு மரத்தில் பொறி கட்டினார்கள். உறுதியான தகவல்களில் பாதி ஜனங்கள் கொடுத்ததுதான். ஒன்றுகூடச் சிக்காததால் 2024 டிசம்பரில், ராட்சதக் கதண்டு அமெரிக்காவில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.