கார்க் நகரம்: பெட்டி கட்டும் முன் கொஞ்சம் வரலாறு

புனேயில் நான் இருக்கும் வட்டாரத்தில் வருடத்துக்கு நாலு பேராவது "அயர்லாந்துக்கு மாற்றல் வந்திருக்கு, கார்க்னு ஒரு ஊராம், எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வாடகை எவ்வளவு, இட்லி அரிசி கிடைக்குமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரன் எதற்குச் சிரிப்பான், எதற்கு முகம் சுளிப்பான், எதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மை உட்கார வைத்து டீ ஊற்றுவான் என்பதற்குப் பதில் வரலாற்றில்தான் கிடைக்கும். அங்கே இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற தகுதியில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர்ப் பெயர். ஐரிஷ் மொழியில் 'கோர்காக்' என்றால் சதுப்பு நிலம். புனித ஃபின்பார் என்ற துறவி மடம் கட்டியதில் ஊர் தொடங்கியது என்பது மரபு. பிறகு வைக்கிங்குகள் வந்து குடியேறினார்கள். 1185-ல் நகர சாசனம் கிடைத்தது. லீ ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், சதுப்புத் தீவுகளின் மேல் எழும்பிய ஊர் இது. இன்று நீங்கள் சட்டை வாங்கப் போகும் செயின்ட் பேட்ரிக் ஸ்ட்ரீட் 18-ஆம் நூற்றாண்டில் படகு போன வாய்க்கால். சவுத் மால் தெருவில் சில பழைய கட்டடங்களின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு கதவு இருக்கும். படகைக் கொண்டு வந்து நிறுத்திச் சரக்கு இறக்கிய வாசல் அது.

இது வெறும் சுவாரசியத் தகவல் இல்லை, வீடு பார்க்கும்போது உதவும். தண்ணீர் பழைய பாதையை மறப்பதில்லை. 2009 நவம்பரில் லீ ஆறு பெருகியபோது நகரின் நடுப்பகுதி மூழ்கியது, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமே நீருக்குள் போய், பல ஆயிரம் வீடுகளில் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. 2023 அக்டோபரில் பக்கத்து ஊரான மிடில்டன் மூழ்கியது. ஆகவே ஆற்றை ஒட்டித் தரைத்தள வீடு பார்த்தால், தெருக்காரர்களிடம் "இங்கே தண்ணி ஏறுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மேட்டில் வீடு எடுத்தால் அந்தக் கவலை இல்லை, முழங்காலுக்குத்தான் வேலை :-)

மழைக்கும் ஒரு கதை உண்டு, அதுவும் நம் தொழில் சம்பந்தப்பட்டது. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, பல்கலைக்கழகப் படி ஏறாமல் தானே கணிதம் படித்தவர் ஜார்ஜ் பூல். 1849-ல் கார்க்கில் புதிதாகத் திறந்த குயின்ஸ் காலேஜுக்குக் கணிதப் பேராசிரியராக வேலை கிடைத்து வந்தார். நம் பாஷையில் சொன்னால் ரீலொகேஷன். சரி, தவறு என்ற இரண்டே மதிப்பை வைத்து நாம் எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும் அடியில் இருப்பது அவருடைய தர்க்க இயற்கணிதம். 1864-ல் கொட்டும் மழையில் நடந்து கல்லூரிக்குப் போய், ஈர உடையோடு பாடம் நடத்தி, நிமோனியா கண்டு டிசம்பர் 8-ஆம் தேதி இறந்துபோனார். அப்போது வயது 49. அந்தக் கல்லூரிதான் இன்றைய கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி, அதன் நூலகத்துக்கு அவர் பெயர். அவருடைய மனைவி மேரி, இந்திய நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. சென்னையில் 1802-ல் லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் அளவைப் பணியை முன்னெடுத்துச் சென்ற அதே எவரெஸ்ட். நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். குடை அங்கே காற்றுக்கு நிற்காது.

பூல் வந்து இறங்கிய 1849, அயர்லாந்தின் மகா பஞ்சத்தின் கடைசி ஆண்டுகளில் ஒன்று. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகள் அதை மட்டுமே நம்பியிருந்தார்கள். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சத்துக்கு மேல் நாட்டை விட்டே போனார்கள். அத்தனை பேர் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியமும் வெண்ணெயும் கப்பலேறின. தாது வருஷப் பஞ்சத்தைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. 1841-ல் அந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்று வடக்கு, தெற்கு இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண் வரவில்லை. நாட்டை விட்டுப் போனவர்களில் ஏராளமானோர் கப்பலேறியது கார்க் துறைமுகத்தின் கோவ் என்ற ஊரில். டைட்டானிக் 1912 ஏப்ரல் 11-ல் கடைசியாக நின்றதும் அங்கேதான். குடும்பத்தில் யாராவது ஒருவர் கடல் கடந்து போகாத வீடு அங்கே அபூர்வம். "அம்மா அப்பா ஊர்லயா இருக்காங்க?" என்று உங்களைக் கேட்பார்கள். வெறும் மரியாதைக்காகக் கேட்பதில்லை, பதிலை நின்று கேட்பார்கள்.

அடுத்தது முக்கியம். பேச்சுவாக்கில் அயர்லாந்தை பிரிட்டனோடு சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். "யு.கே. போறேன்" என்று இங்கே அலுவலகத்தில் சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார்க் மாவட்டத்துக்குக் 'கலகக்கார மாவட்டம்' என்று பட்டப்பெயர். 1920 மார்ச்சில் நகர மேயர் தோமாஸ் மக்கர்ட்டன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மேயரான டெரன்ஸ் மக்ஸ்வீனி கைதாகி, லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதம் இருந்து அக்டோபர் 25-ல் உயிர் விட்டார். டிசம்பர் 11 இரவு பிரிட்டிஷ் துணைப்படையினர் நகரின் நடுவில் தீ வைத்தார்கள். நகர மண்டபமும் நூலகமும் சாம்பலாயின, சுமார் 2,000 பேர் வேலை இழந்தார்கள். பேட்ரிக் ஸ்ட்ரீட்டின் ஒரு பக்கக் கட்டடங்கள் புதுசாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

மக்ஸ்வீனி பெயர் இந்தியாவிலும் ஒலித்தது. 1929-ல் லாகூர் சிறையில் 63 நாள் பட்டினி கிடந்து ஜதின் தாஸ் இறந்தபோது மக்ஸ்வீனி குடும்பம் அனுதாபத் தந்தி அனுப்பியது. 1936-ல் அயர்லாந்து போன சுபாஷ் சந்திர போஸ் கப்பலிலிருந்து இறங்கியது கோவ் துறைமுகத்தில். இதைச் சொன்னால் மேசையில் இருக்கும் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

ஆனால் கதைக்கு மறுபக்கமும் இருக்கிறது. ஜாலியன்வாலாபாகில் சுட உத்தரவிட்ட டயர் சிறுவனாகப் படித்தது இதே கார்க் மாவட்டத்தின் மிடில்டன் கல்லூரியில். அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓ'ட்வையர் பக்கத்து மாவட்டமான டிப்பரரிக்காரர். சாம்ராஜ்யத்தை எதிர்த்தவர்களும் அதற்குத் துப்பாக்கி தூக்கியவர்களும் அதே மண்ணிலிருந்துதான் வந்தார்கள். அதே மிடில்டனில் 2017-ல் ஒன்பது பெரிய எஃகு இறகுகளால் ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். 1847-ல் தாங்களே துரத்தப்பட்டு வறுமையில் இருந்த அமெரிக்கப் பழங்குடியான சாக்டா மக்கள், அயர்லாந்தின் பசிக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றி அது. ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள்.

வேலை நிலவரத்துக்கும் வரலாறு உண்டு. ஹென்றி ஃபோர்டின் அப்பா கார்க் மாவட்டத்துக்காரர். அந்தப் பாசத்தில் 1917-ல் மகன் இங்கே தொழிற்சாலை தொடங்கினார். 1983-ல் டன்லப் மூடியது, 1984-ல் ஃபோர்டும் வெரோல்ம் கப்பல் கட்டும் தளமும் மூடின. ஊரே ஒடிந்துபோனது, இளைஞர்கள் மறுபடி கிளம்பினார்கள். 1980-ல் சிறிதாக வந்த ஆப்பிளும், துறைமுகப் பக்கம் வந்த மருந்து நிறுவனங்களும்தான் ஊரை மெல்லத் தூக்கி நிறுத்தின. வெளிநாட்டு நிறுவனம் வரும், போகவும் போகும் என்பதை அந்த ஊர் அனுபவித்துக் கற்றது. நீங்களும் அதை மனத்தில் வைத்து, கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம்மில் பலர் மறந்துபோன ஒன்று. 1985 ஜூன் 23 காலை, கனடாவிலிருந்து லண்டன் வழியாக டெல்லி வர வேண்டிய ஏர் இந்தியா 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்தின் தென்மேற்குக் கடலுக்கு மேலே குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள், விடுமுறைக்கு ஊர் வந்துகொண்டிருந்தவர்கள். மீட்கப்பட்ட 131 உடல்களும் கார்க் மருத்துவமனைக்கு வந்தன. அகாகிஸ்டா என்ற சின்னக் கடலோர ஊரில் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 23-ல் முன்பின் தெரியாத நம்மவர்களுக்காக அந்தக் கிராமத்து மக்கள் வந்து நிற்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2025 ஜூலையில் டப்ளின் புறநகரில் ஒரு இந்தியரைக் கும்பல் ஒன்று தாக்கியது, ஆகஸ்டு 1-ல் நம் தூதரகம் எச்சரிக்கை விட்டது. அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் "பயமில்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். பயத்தைச் சிரித்து ஒதுக்க மாட்டேன். ராத்திரியில் ஆளில்லாத இடத்தில் தனியாகப் போகாதீர்கள், ஏதாவது நடந்தால் போலீஸில் எழுதிக் கொடுங்கள். வீட்டுத் தட்டுப்பாடும் விலைவாசியும் சேர்ந்து, வந்தவன் மேல் கோபப்படும் கூட்டம் அங்கேயும் வளர்ந்திருக்கிறது. கூடவே அகாகிஸ்டாவையும் நினைவில் வையுங்கள். டயரின் பள்ளியும் சாக்டா இறகும் ஒரே ஊரில் இருக்கின்றன. போகிற உங்களுக்கு இரண்டும் எதிர்ப்படும். இரண்டையும் தெரிந்துகொண்டு போகிறவர் சீக்கிரம் ஊரில் பொருந்திவிடுவார் என்பது நான் கண்டது.

பி.கு.: குடும்பத்தோடு போகிறவர்கள் அலுவலகம் தரும் தற்காலிக வீட்டை ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதமாகக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடு கிடைப்பது அங்கே அவ்வளவு சுலபம் இல்லை.