கைப்பிடியும் பொத்தானும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலின் முன்னறையில் மோட்டார்மேன் ஒருவர்தான். காலையில் தோளில் பையோடு தண்டவாளத்தில் பழுது உண்டா என்று பார்த்தபடி நடக்கும் கீமேனும் ஒருவர்தான். நிர்வாகம் ஒன்று, பாதையும் ஒன்று. துணையில்லாத இந்த இருவரையும் ரயில்வே காக்கும் விதம்தான் வேறு.

மோட்டார்மேனின் கையில் இருப்பது ‘டெட்மேன் ஹேண்டில்’. வண்டியை ஓட்டும்போது அதை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். மயங்கிக் கை நழுவினால் மின்சாரம் நின்று, பிரேக் தானாகவே விழும். அவர் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பின்முனையில் கார்டு வேறு இருக்கிறார்.

கீமேனின் பையைப் பிரித்தால் ஸ்பேனர், சுத்தியல், கொடிகள், டெட்டனேட்டர்கள். தண்டவாளம் உடைந்திருந்தால், அகலப்பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர் வைக்க வேண்டும். 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. சக்கரம் ஏறி வெடித்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். நல்ல விதிதான். ஆனால் அந்தப் பையில் உள்ளது பூராவும் ரயிலுக்கான காவல். சுமப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

இரட்டைப் பாதையில் ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த பாதையில் கால் வைப்பார். முதல் வண்டியின் இரைச்சலில் எதிர்வண்டி வருவது கேட்காது. இதற்காகத்தான், ரயில் நெருங்குவதை முன்கூட்டியே உணர்த்தும் ‘ரக்‌ஷக்’ கருவி 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. சில கோட்டங்களில் ஜிபிஎஸ் கருவியும் தந்திருக்கிறார்கள். ஆபத்தென்றால் அதில் பொத்தானை அழுத்தலாம். ஒழுங்காக நடக்கிறோமா என்று வேவு பார்க்கத்தான் இது என்று தொழிலாளர்கள் முணுமுணுத்தால் குறை சொல்ல மாட்டேன்.

வித்தியாசம் இங்கேதான். கை தளர்ந்தாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது கைப்பிடி. அழுத்தாதவரை எல்லாம் நலம் என்று எடுத்துக்கொள்கிறது பொத்தான். பாம்பு கடித்தவர் ஒருவேளை அழுத்துவார். வெயிலில் சுருண்டு விழுந்தவர் எப்படி அழுத்துவார்?

கைப்பிடியும் மோட்டார்மேன்மேல் உள்ள பாசத்தால் வந்ததல்ல. அவருக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகப் பயணிகள் இருக்கிறார்கள். கீமேன் விழுந்தால் எந்த வண்டியும் தாமதமாவதில்லை.

கீமேன் நிற்கும் இடம் ஜிபிஎஸ்ஸில் ஏற்கெனவே தெரிகிறது. வெகுநேரம் நகராமல் இருந்தால் அவருடைய குழுவை நடத்தும் கேங் மேஸ்திரியின் போன் அடிக்கும்படி செய்துவிடலாம். ஒரே இடத்தில் வேலையாக நின்றாலும் அடிக்குமே என்பார்கள். அடிக்கட்டும். ‘என்னண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கிற செலவுதானே.